கோடானுகோடி பேருக்கு ஒரு பொன்னாடை

கடலை நெய்வேலிக்குக் கொண்டுவருவதென்று தீர்மானம் போட்டவர்களில் ஒருவர்கூடக் கடலூர் வரைக்கும் போனதில்லை. போகவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. தீர்மானத்தின் அடியில் 'கொண்டுவர வேண்டியவர்' என்ற இடத்தில் மாணிக்கம்மாளின் பெயர் இருந்தது.

மாணிக்கம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. மந்தாரக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் தனியாக வாடகைக்கு இருந்தாள். ஒளிவள வாரியத்தில் பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. பதினோரு மாதம் வேலை. அதன் பிறகு சில நாள், அப்படி ஒரு ஆளே இல்லாததுபோல வீட்டில் இருக்கவேண்டும். பிறகு மறுபடி புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படிப் பன்னிரண்டு முறை அவள் புதிய ஆளாகச் சேர்ந்துவிட்டாள். பன்னிரண்டு முறையும் வேலைக்கு என்ன முன் அனுபவம் என்று கேட்டார்கள். அவள் இல்லை என்றுதான் எழுதிக் கொடுத்தாள்.

ஒளிவள வாரியத்துக்கும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நகரியத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து, ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, வாசலில் பலகை மாட்டிக்கொண்ட அமைப்பு அது. பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்த மாணிக்கம்மாளைத்தான் கடல் தண்ணீர் வேலைக்கு மாற்றினார்கள். செவ்வாயும் வெள்ளியும் வாரியத்தின் வேனில் கடலூர்த் துறைமுகத்துக்குப் போய், படகுக்காரர்களிடம் சொல்லி, கொஞ்சம் உள்ளே போய் மொண்ட தண்ணீரைப் பத்துக் கேன்களில் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். வேன் ஓட்டியவர் நஜிமுதீன். அவரும் ஒப்பந்தம்தான்.

"கடல் தண்ணில இன்னா இருக்குன்னு இம்மாந்தூரம் தூக்கியாறாங்க?" என்று முதல் நாளே மாணிக்கம்மாள் அவரிடம் கேட்டாள்.

"எனக்கு ஓட்டத்தான் சொல்லியிருக்காங்க, அக்கா" என்றார் நஜிமுதீன்.

பதில் சொன்னவள் அப்சானா. கடல் நுண்ணுயிரிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய முப்பத்தொரு வயதுப் பெண். மூன்று வருடத் திட்டத்துக்காக வந்தவள்.

"இந்தத் தண்ணில பாக்டீரியா இருக்குக்கா. கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன்ல ஐம்பது லட்சம் இருக்கும். அதுல சிலதோட தோல்ல சாயம் மாதிரி ஒரு புரதம் இருக்கு. வெளிச்சம் பட்டா அது சின்ன பம்பு மாதிரி வேலை செஞ்சு, அந்த உயிருக்குக் கொஞ்சம் தெம்பு குடுக்கும்."

"அப்ப வெயில தின்னுகினு இருக்குமா?"

"வெயில மட்டும் தின்னு வாழ முடியாது. சாப்பாடும் வேணும். ஆனா நடுக்கடல்ல எப்பவும் சாப்பாடு கிடைக்காதில்ல? பட்டினி கிடக்கற நாள்ல அந்த வெளிச்சம்தான் உசுரப் பிடிச்சு வைக்கும்."

மாணிக்கம்மாள் கேனை ஒருதடவை தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

திறப்பு விழா அன்று வாரியத்தின் இயக்குநர் சக்கரபாணி பேசினார். கண்ணாடித் தொட்டி ஒன்று, மேலே வரிசையாக விளக்குகள், தொட்டியைச் சுற்றி ரிப்பன்.

"பல ஆண்டுகளாக இந்த மண்ணில் பூமிக்கு அடியிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுத்தார்கள். இனி தோண்ட வேண்டியதில்லை. கடலில் ஒரு தொழிலாளர் கூட்டம் இருக்கிறது. அது விடுப்புக் கேட்காது. சங்கம் வைக்காது. கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று சொல்லாது. கொஞ்சம் வெளிச்சம் காட்டினால் போதும், வேலை செய்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்டவர்களைத்தான் வாரியம் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். மாணிக்கம்மாளும் தட்டினாள். அதன் பிறகு இயக்குநர் இன்னொன்றும் சொன்னார். திட்டம் வெற்றி பெற்றால் தொட்டிக் காப்பாளர் என்று ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்கப்படும், இப்போது தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்கே அது தரப்படும் என்றார். மாணிக்கம்மாளுக்குக் கை நின்றுவிட்டது. பர்மனென்ட் என்ற சொல்லை அவளைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொட்டியின் சூட்டைப் பார்ப்பாள், எழுதிவைப்பாள், விளக்கைத் துடைப்பாள், மறுபடி சூட்டைப் பார்ப்பாள். அப்சானா அந்தத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகையைப் பதினேழாம் எண் என்று அழைத்தாள். வட்டக் கண்ணாடித் தட்டில் அதை வளர்த்துக் காட்டியபோது செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. பட்டினியை அதுபோலத் தாங்குகிற இன்னொன்றைத் தான் பார்த்ததில்லை என்றாள் அப்சானா. தொட்டி முழுக்க அதையே வளர்த்தார்கள்.

சிக்கல் வாசலில் ஆரம்பித்தது. உள்ளே வருகிற எந்தப் பொருளுக்கும் எண்ணிக்கை எழுதவேண்டும் என்றார் வாயிற்காவலர் மருதமுத்து.

"பத்து கேனு" என்றாள் மாணிக்கம்மாள்.

"கேனு கணக்கு தனி. உசுரு கணக்கு தனி. உள்ள எத்தினி உசுரு போவுதுன்னு சொல்லு. நாளைக்குக் கொறஞ்சா என்னியத்தான் கேப்பாங்க."

"ஸ்பூனுக்கு அம்பது லட்சமாம்."

மருதமுத்து பதிவேட்டின் கட்டத்தைப் பார்த்தார். அதில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. கடைசியில் இருவரும் பேசி, 'குடும்பம் – 1' என்று எழுதினார்கள்.

வருட இறுதியில் இருப்புச் சரிபார்க்க வந்தவர்கள் அந்தக் குடும்பத்தை எண்ணச் சொன்னார்கள். அப்சானா எண்ணிக் கொடுத்தாள். சேர்த்தபோது இருந்ததைவிட நாற்பது மடங்கு கூடியிருந்தது. குறைந்திருந்தால் திருட்டு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். கூடியதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் தங்கினார்கள். பிறகு 'உரிய அனுமதியின்றிப் பெருக்கம்' என்று ஆட்சேபணை எழுதினார்கள். பெருகுவது அவற்றின் இயல்பு என்று அப்சானா விளக்கம் கொடுத்தாள். இயல்பு என்பது எந்த விதியின் கீழ் வருகிறது என்று கேட்டு அது திரும்பி வந்தது. இனிப் பெருகுவதாக இருந்தால் முன்கூட்டியே விண்ணப்பிக்கும்படி தொட்டியின் மீது ஒரு அறிவிப்பும் ஒட்டப்பட்டது.

அடுத்து வந்தவர் பாதுகாப்பு அதிகாரி இளம்பரிதி. நல்ல மனிதர். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திறந்த நீர்நிலை என்றார்.

"யாராவது தவறி விழுந்தால்?"

"இடுப்பளவுதாங்க இருக்குது" என்றாள் மாணிக்கம்மாள்.

"இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தவர்களின் புள்ளிவிவரம் என்னிடம் இருக்கிறது, அம்மா."

நான்கு நாளில் தொட்டிக்குக் கனமான கறுப்பு மூடி வந்தது. பக்கக் கண்ணாடியில் யாராவது மோதிக்கொள்ளக்கூடும் என்று அதிலும் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். மூடியின் மேல் பளபளவென்று விளக்குகள் எரிந்தன. இரண்டே வாரத்தில் மின்சாரச் சிக்கனப் பிரிவு வந்து, மூடியின் மேல் எதற்கு விளக்கு என்று நியாயமாகக் கேட்டு, அதையும் கழற்றிக்கொண்டு போயிற்று.

"வெளிச்சத்த வச்சு வாழறதுக்குன்னு கொண்டாந்து இருட்டுல போட்டுட்டாங்களே, டாக்டரம்மா" என்றாள் மாணிக்கம்மாள்.

"சாப்பாடு போட்டுட்டு இருக்கோம்ல. அது இருக்கற வரைக்கும் தாங்கும்" என்றாள் அப்சானா. அவள் ஏற்கெனவே ஒன்பது கடிதம் எழுதியிருந்தாள். ஒன்பதுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்திருந்தது.

தாங்கியதுதான் தப்பாகப் போயிற்று. தலைமையகத்திலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழு, வெளிச்சம் இல்லாமலேயே இவை உயிரோடு இருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தது. அப்படியானால் இத்தனை நாள் வெளிச்சம், சாப்பாடு என்று இரண்டு சலுகைகளை ஒரே நேரத்தில் அனுபவித்திருக்கின்றன. வாரிய விதிப்படி ஒருவருக்கு ஒரு சலுகைதான். எது வேண்டும் என்று பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவிக்கவேண்டும். தவறினால் வாரியமே முடிவெடுக்கும்.

படிவத்தைத் தொட்டியின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் ஆயிற்று. வாரியம் முடிவெடுத்தது. திட்டத்தின் பெயரிலேயே ஒளி என்று இருப்பதால் வெளிச்சமே அவற்றின் விருப்பம் எனக் கொள்ளப்பட்டது. சாப்பாடு நிறுத்தப்பட்டது. வாரம் இரண்டு தடவை புதுக் கடல் தண்ணீர் ஊற்றுவதும் ஒருவகைச் சாப்பாடுதான் என்பதால் அதுவும் நின்றது. பழைய தண்ணீரைக் கழித்துக் கொண்டுபோய்க் கடலில் விடுவது மட்டும் தொடர்ந்தது, அது வேறு பிரிவின் வேலை என்பதால். மூடியை எடுப்பது பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. மூடி பாதுகாப்புப் பிரிவுடையது.

அதே வாரத்தில் அப்சானாவை, அறிவியலாளர்களுக்கான கோப்புப் பராமரிப்புப் பயிற்சி என்று ஒன்றரை மாதம் சென்னைக்கு அனுப்பினார்கள். போகிற அன்று அவள் மாணிக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினேழாம் நம்பர் வேற எங்கயும் இல்லக்கா. இந்தத் தொட்டியில மட்டும்தான் இருக்கு."

மாணிக்கம்மாள் மூடியைத் தள்ளிப் பார்த்தாள். தனி ஆளாக ஒரு சாண் நகர்த்த முடிந்தது. பகலில் ஜன்னல் பக்கம் வெயில் விழுகிற ஒரு மணி நேரம் அந்த ஒரு சாணைத் திறந்து வைத்தாள். மூன்றாம் நாள் இளம்பரிதி பார்த்துவிட்டார். மூடியை நகர்த்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. உள்ளே வெளிச்சம் போகட்டும் என்று நகர்த்தினேன் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது மெமோவில், இன்னொரு முறை நகர்ந்தால் நிரந்தரப் பணியிடத்துக்கு அவள் பெயர் பரிசீலிக்கப்படாது என்று இருந்தது. மூடிக்குப் பூட்டும் போட்டார்கள். கழிவு நீர்க் குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அவள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டாள். டிபன் பாக்ஸை மூடினாள், திறந்தாள், மூடினாள். வேலை போனால் வேறு என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. இருட்டில் பசியோடு அடைத்து வைத்திருக்கிறார்களே என்று இன்னொரு பக்கம். மூன்று மணிக்கு நஜிமுதீனிடம் போனாள்.

"தம்பி, கழிவுத் தண்ணிய வெளிய கொண்டுபோறப்ப வாசல்ல கேப்பாங்களா?"

"கழிவுன்னு எழுதிட்டா யாரும் தொடக்கூட மாட்டாங்க."

"நம்ம வூட்டாண்ட ஒரு கேன இறக்கணும்."

நஜிமுதீன் வண்டிச் சாவியை எடுத்தார். "என்னைக் கேட்டா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுக் கேனைப் பிடிக்க வந்தார்.

மந்தாரக்குப்பத்து மொட்டை மாடியில் இருபது லிட்டர் கண்ணாடிக் கேன் ஏறியது. உச்சி வெயிலில் தண்ணீர் சுடாமல் இருக்க மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். கழிவை ஊற்றிவிட்டு வருகிற வண்டியில் ஒரு பாட்டில் புதுக் கடல் தண்ணீர் வந்தது, அதைக் கேனில் சேர்த்தாள். வீட்டுக்காரர் கலியன் மேலே வந்து இன்னா கேன் என்று கேட்டார். மூட்டு வலிக்குக் கடல் தண்ணி என்றாள். அடுத்த வாரம் அவர் தன் மூட்டுக்கு ஒரு சொம்பு கேட்டு வாங்கிப் போனார்.

ஆனால் கேனுக்குள் உயிர் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு தடவை மாடி ஏறிப் பார்ப்பாள். வந்ததும் பார்ப்பாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

வாரியத் தலைவர் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தபோது தொட்டியைத் திறந்தார்கள். அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். நாற்றம் குப்பென்று வந்தது. ஆய்வகத்து உதவியாளர் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் அசையவில்லை என்றார். இயக்குநர் சக்கரபாணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதற்கு என்ன நிறம் இருந்திருக்க வேண்டும்?"

"செம்மஞ்சளுங்க" என்றாள் மாணிக்கம்மாள்.

தொட்டியைக் கழுவி, பைப் தண்ணீர் நிரப்பி, மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலிருந்து கேசரிப் பவுடர் எட்டுப் பாக்கெட் வாங்கிவந்து கலக்கினார்கள். கறுப்புத் தாளைக் கிழித்தார்கள். இளம்பரிதி மூடிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தற்காலிக விலக்கு அளித்தார். கழற்றிய விளக்குகள் திரும்பி வந்தன. அந்தத் தொட்டி அதற்குமுன் ஒருநாளும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

வாரியத் தலைவர் பார்த்ததும் நெகிழ்ந்துவிட்டார். பக்கத்தில் புதுச் சேலையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த மாணிக்கம்மாளிடம், "எப்படிம்மா இருக்கின்றன?" என்று கேட்டார்.

பேசக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நன்றாக இருக்கின்றன என்று மட்டும் சொன்னால் போதும், நிரந்தரப் பணி ஆணை தயாராக இருக்கிறது என்றும் காலையில் இயக்குநர் சொல்லியிருந்தார். அவள் வாயைத் திறந்தாள். மூடியில் தொங்கிய அந்தப் பூட்டு அவள் கண்ணில் வந்து நின்றது.

"செத்துப் போச்சுங்க" என்றாள். "சோறும் இல்ல, வெளிச்சமும் இல்ல. செத்துப் போச்சுங்க."

தலைவர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓய்வில் இருக்கின்றன என்பதைத்தான் அவர் தம்முடைய வட்டார வழக்கில் சொல்கிறார்" என்றார் சக்கரபாணி.

"ஓய்வு என்றால் பணி ஓய்வா?" என்று கேட்டார் தலைவர்.

"ஆமாம்" என்றார் சக்கரபாணி. அதைத் தவிர வேறு எதுவும் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தலைவர் முகம் மலர்ந்தது. "பாருங்கள், இதுதான் வாரியம். நம்மிடம் வந்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைக் கௌரவமாக வழியனுப்புகிறோம். கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் மரியாதை செய்யலாம். கண்ணுக்கே தெரியாதவர்களுக்கு மரியாதை செய்வதற்கு ஒரு நிர்வாகம் வேண்டும்."

அடுத்த வாரம் பணிநிறைவு விழா நடந்தது. தொட்டிக்கு மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவருக்கு ஒன்று என்று கணக்கிட்டால் கட்டுப்படியாகாது என்பதால் எல்லோருக்குமாக ஒன்று. சக்கரபாணி பேசினார். "இவர்கள் பணிக்காலத்தில் ஒரு குறையும் சொன்னதில்லை. கடைசி ஒரு மாதமாக எண்ணிக்கையில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இருப்புச் சரியாக இருந்தது இந்த வருடம்தான்." தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றவள் மாணிக்கம்மாள். பயிற்சி முடிந்து நேராக விழாவுக்கு வந்து சேர்ந்த அப்சானா, பொன்னாடையின் இடுக்கு வழியாகக் கேசரி நிறத்தைப் பார்த்தாள். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நோக்கம் நிறைவேறியதால் அப்சானாவின் திட்டம் முடிக்கப்பட்டதாக விழா மேடையிலேயே அறிவித்தார்கள். மாணிக்கம்மாளின் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு நிற்கும் என்றார்கள். விழா முடிந்ததும் அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஐயா, அந்தப் பர்மனென்ட் போஸ்ட்டு?"

"அம்மா, தொட்டியில் இருந்தவர்களே ஓய்வு பெற்றுவிட்டார்கள். காப்பாளர் எதற்கு? கோப்பை நீங்களே பார்க்கலாம், எல்லாம் முறைப்படி இருக்கிறது."

"அதுங்க ரெண்டு வருசத்துல ரிட்டயரே ஆயிடுச்சுங்க. நான் பதினாலு வருசமா இன்னும் சேரவே இல்ல."

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

வெளியே அப்சானா இன்னும் படியிலேயே இருந்தாள். மாணிக்கம்மாள் அவளை எழுப்பி, வேனில் ஏற்றி, மந்தாரக்குப்பத்துக்குக் கூட்டிப் போனாள். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி, அங்கே போய் அதுவும் செத்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். மொட்டை மாடியில் வெள்ளைத் துணியை எடுத்தாள்.

அப்சானா கேனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அங்கேயே கொட்டிக் காலி செய்தாள்.

அப்சானாவோடு படித்த தமிழ்மொழி என்ற தோழி பரங்கிப்பேட்டையில் ஒரு சிறு ஆய்வகம் வைத்திருந்தாள். கேன் தண்ணீர் நிரம்பிய பாட்டில் அங்கே போயிற்று. மாணிக்கம்மாள் நான்கு நாள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு படம் வந்தது. வட்டத் தட்டு, அதில் செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாக நிறைய. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தாள். பிறகு தெருவில் இறங்கிப் போய் நஜிமுதீனுக்கும் காட்டினாள். அவர் இந்தத் தடவை தனக்குத் தெரியும் என்றே சொன்னார்.

தமிழ்மொழியின் ஆய்வகத்தில் அப்சானாவுக்கு ஒரு வருட வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் மாணிக்கம்மாளையும் கூப்பிட்டார்கள். தினக்கூலிதான். விடியற்காலை பஸ்ஸில் போய், படகில் ஏறி, தண்ணீர் மொண்டு வருகிற வேலை.

நவம்பர் மாதம் வாரியத்தின் ஓய்வூதியர் பிரிவிலிருந்து மாணிக்கம்மாளுக்குப் பதிவுத் தபால் வந்தது. பணி ஓய்வு பெற்ற தொட்டியினர் இன்னும் உயிர்வாழ்வதற்கான சான்றிதழைக் கடைசியாகப் பராமரித்தவர் என்ற முறையில் அவர் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அவர்களை இறந்தவர்களாகக் கருத நேரிடும்.

ஆய்வகத்து வாசலில் வைத்து அப்சானா அதை வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்து, முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. "கிழிச்சுப் போட்டுடலாம்க்கா."

"ஏன் கிழிக்கணும்? கேட்டதுக்கு எழுதுங்க. உசுரோட இருக்குதுங்களா, இல்லியா?"

"இருக்கு."

"அப்ப இருக்குதுன்னு போடுங்க."

அப்சானா போட்டாள். அடுத்த கட்டத்தில் மறுமணம் செய்துகொண்டாரா என்று இருந்தது. அதற்கு ஒரு கோடு இழுத்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"ஓய்வுக்குப் பிறகு வேறு எங்காவது பணியில் சேர்ந்துள்ளாரான்னு கேக்கறாங்க."

மாணிக்கம்மாள் கேன்களை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டிருந்தாள். படகு கிளம்புகிற நேரம்.

"ஆமான்னு எழுதுங்க" என்றாள். "நான் வந்து கையெழுத்துப் போடறேன்."